ஒப்பந்தமா, பட்ஜெட்டா, பேரமா: வரி குறைய எந்த வழி நாட்டுக்கு லாபம்?

வர்த்தக ஒப்பந்தம் கையெழுத்தாகும் அன்று எல்லோரும் ஒரே எண்ணைத்தான் சொல்வார்கள்: இத்தனை சதவீதப் பொருட்களுக்கு வரி பூஜ்யம். 2025 ஜூலை 24 அன்று இந்தியாவும் பிரிட்டனும் கையெழுத்திட்டபோது அந்த எண் 99. இதை வைத்து லாப நட்டம் கணக்குப் போட முடியாது. அந்த 99இல் ஏற்கெனவே வரி இல்லாதவை எத்தனை, நம் போட்டியாளர் அதே சந்தையில் எவ்வளவு கட்டுகிறார், நம் மூலப்பொருளுக்கு நாமே எவ்வளவு வரி போட்டு வைத்திருக்கிறோம்: இந்த மூன்றும் தெரிந்தால்தான் பேச முடியும்.

இந்தியா கடந்த 25 ஆண்டுகளில் நான்கு வழிகளையும் பார்த்துவிட்டது. முறையான ஒப்பந்தம், தானே பட்ஜெட்டில் வரியைக் குறைப்பது, மிரட்டலுக்கு நடுவே பேரம், ஒதுங்கி நிற்பது. ஒவ்வொன்றும் என்ன கொடுத்தது, எங்கே கடித்தது என்று பார்ப்போம்.

முறையான ஒப்பந்தம்: சலுகையா, சமநிலையா?

பருத்தி டி-ஷர்ட்டையே எடுத்துக்கொள்வோம். பிரிட்டனில் அதன் வழக்கமான இறக்குமதி வரி 12%. வளரும் நாடு என்ற முறையில் இந்திய ஆயத்த ஆடைக்கு அது 9.6%. 3 பவுண்ட் மதிப்புள்ள ஒரு சட்டைக்குச் சுமார் 29 பென்ஸ். இது போய்விடும் என்பது பெரிய விஷயம்தான். ஆனால் பங்களாதேஷ், பாகிஸ்தான், இலங்கை மூன்றும் ஏற்கெனவே வரியில்லாமல் அங்கே ஆடை விற்கின்றன. ஆக, இவர்களை முந்த ஒப்பந்தம் உதவாது. இத்தனை நாள் காலில் கட்டியிருந்த கல்லை அவிழ்க்கிறது, அவ்வளவே. உண்மையான இடைவெளி கிடைப்பது சீனாவுக்கு எதிராக. அவர்கள் முழு 12% கட்டுகிறார்கள். எனவே திருப்பூரில் இந்த ஒப்பந்தத்தை நம்பி முதலீடு செய்பவர், டாக்காவோடு விலைக்கு விலை மோதும் அடிப்படை டி-ஷர்ட்டை விட்டுவிட்டு, இன்று சீனா தைத்துக் கொடுக்கும் ரகங்களைப் பார்ப்பது நல்லது. பங்களாதேஷ் 2026 நவம்பரில் பின்தங்கிய நாடுகள் பட்டியலிலிருந்து வெளியேற வேண்டும் என்பதைக் காட்டி நம்பிக்கை கொடுப்பவர்கள், பிரிட்டன் அதற்குப் பிறகும் மூன்றாண்டு அவகாசம் தருகிறது என்பதைச் சொல்வதில்லை.

பதிலுக்குக் கொடுத்தது என்ன? ஸ்காட்ச் விஸ்கிக்கான 150% வரி முதலில் 75%, பத்து ஆண்டுகளில் 40%. கேட்கப் பெரிதாக இருக்கிறது. ஆனால் பாட்டில் விலையில் மாநில அரசுகளின் ஆயத்தீர்வையும் விற்பனை வரியும் பெரிய பங்கு. டாஸ்மாக் அலமாரியில் விலை பாதியாகும் என்று யாரும் காத்திருக்க வேண்டாம். கார்களுக்குக் குறைந்த வரி உண்டு, எண்ணிக்கை வரம்போடு. கொடுத்ததில் பெரும்பகுதி படிப்படியாக, அளவு கட்டி. நன்றாகப் பேசப்பட்ட ஒப்பந்தத்தின் அடையாளம் இதுதான்.

இதற்கு நேர் எதிர், தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானோடு 2010 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள சரக்கு ஒப்பந்தம். 2010-11இல் சுமார் 5 பில்லியன் டாலராக இருந்த வர்த்தகப் பற்றாக்குறை 2022-23இல் 43.57 பில்லியன். இதைக் காட்டி 'ஒப்பந்தம் நாட்டை அழித்தது' என்பவர்கள் பாதி சரி. அந்தப் பற்றாக்குறையில் இந்தோனேசிய நிலக்கரியும் பாமாயிலும் இருக்கின்றன. ஒப்பந்தம் இல்லாவிட்டாலும் நாம் அவற்றை வாங்கியிருப்போம். தேயிலை, காபி, மிளகு, பாமாயில் ஆகியவற்றைச் சிறப்புப் பட்டியலில் வைத்து, 2019 வரை மெதுவாகக் குறைத்து, தேயிலைக்கு 45%, மிளகுக்கு 50% என்று வரியை நிறுத்தியும் வைத்தோம். நீலகிரித் தோட்டக்காரருக்கு அந்தச் சுவர் இன்னமும் இருக்கிறது.

அடி விழுந்த இடம் வேறு. முழுமையான பொருளுக்கு வரியைக் குறைத்துவிட்டு, அதன் மூலப்பொருளுக்கு வரியை அப்படியே விட்டோம். இயற்கை ரப்பருக்கு 25% அல்லது கிலோவுக்கு 30 ரூபாய், இரண்டில் குறைவானது. அதே ரப்பரை டயராக்கிக் கொண்டுவந்தால் ஆசியான் சலுகையில் அதைவிடக் குறைந்த வரி. கன்னியாகுமரி ரப்பர் விவசாயியைக் காப்பதற்காகப் போட்ட வேலி, டயர் ஆலையின் கழுத்தை இறுக்குகிறது. அந்த விவசாயிக்கும் முழுக் காவல் இல்லை, அவருடைய ரப்பருக்குப் போட்டி டயர் உருவத்தில் உள்ளே வருகிறது. தலைகீழ் வரி என்று தொழிலில் சொல்வது இதைத்தான்.

பிறப்பிட விதி: ஒப்பந்தம் ஓட்டையாகும் இடம்

சலுகை ஒப்பந்தம் போட்ட நாட்டுக்கு மட்டும். அதனால் பொருள் அந்த நாட்டில்தான் உருவானது என்று நிரூபிக்க வேண்டும். ஆசியான் விதியில் இரண்டு சோதனை: ஏற்றுமதி விலையில் 35% அங்கே சேர்ந்த மதிப்பாக இருக்க வேண்டும், எச்.எஸ். கோடு (சுங்கத்தில் பொருளை வகைப்படுத்தும் எண்) ஆறு இலக்க அளவில் மாறியிருக்க வேண்டும்.

கணக்கு எளிது. கப்பலேற்றும் விலை 320 ரூபாய், வெளிநாட்டிலிருந்து வந்த துணி 190 ரூபாய் என்றால், 320லிருந்து 190ஐக் கழித்து 320ஆல் வகுத்தால் 40.6%. தேறிவிடும். அதே துணி விலை 215 ஆனால் 32.8%; தவறிவிடும். தொழிற்சாலையில் எதுவும் மாறவில்லை, துணி விலை மட்டும் ஏறியது. உலகச் சந்தை விலை ஆடும் செம்பு போன்ற பொருட்களில் இந்தச் சிக்கல் நித்தியம். உள்ளீட்டு விலையைக் குறைத்துக் காட்டச் சபலம் வருவதும் இங்கேதான்.

2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த இந்திய-இலங்கை ஒப்பந்தம் இதற்குப் பாடப்புத்தக உதாரணம். கச்சாப் பாமாயிலுக்கு இந்தியாவில் கடுமையான வரி, இலங்கையில் மிகக் குறைவு. இந்திய முதலீட்டாளர்களே அங்கே போய் வனஸ்பதி ஆலை போட்டார்கள். பாமாயில் வனஸ்பதியானதும் கோடு மாறிவிட்டது, மதிப்புக் கூட்டலும் காகிதத்தில் தேறியது, வரியில்லாமல் இந்தியாவுக்குள் வந்தது. உள்நாட்டு ஆலைகள் கூச்சலிட, இந்தியா ஆண்டுக்கு 2.5 லட்சம் டன் என்று வரம்பு கட்டியது. அங்கே போட்ட ஆலைகள் மூடப்பட்டன. செம்பிலும் இதே கதை. இலங்கை மக்களுக்கு நிலைத்த தொழிலும் வரவில்லை, இந்திய அரசுக்கு வரியும் வரவில்லை. லாபம் அந்த வரி இடைவெளியைக் கண்டுபிடித்தவர்களுக்கு.

பாடம் படித்தோமா? 2022 மே மாதம் நடைமுறைக்கு வந்த ஐக்கிய அரபு அமீரக ஒப்பந்தத்தைப் பாருங்கள். சுங்க அட்டவணையின் 71ஆம் அத்தியாயக் குறிப்புப்படி, ஒரு உலோகக் கலவையில் 2% பிளாட்டினம் இருந்தாலே அது பிளாட்டினக் கலவை. மீதி அத்தனையும் தங்கமாக இருக்கலாம். தங்கத்துக்கு அதிக வரி, பிளாட்டினக் கலவைக்கு ஒப்பந்தச் சலுகை. விளைவைச் சொல்ல வேண்டியதில்லை. 2024 ஜூலையில் தங்க வரியை 15லிருந்து 6% ஆக்கியதும் அந்த இடைவெளி சுருங்கியது; மிச்ச ஓட்டையை அட்டவணையில் புதிய உட்பிரிவுகள் போட்டு அடைக்க வேண்டியிருந்தது. ஒரு குறிப்பை யாரும் படிக்காததன் விலை இது.

இந்த அனுபவங்களுக்குப் பிறகுதான் 2020 செப்டம்பர் 21 முதல் சுங்கத் துறை பிறப்பிடத் தகவல் பொறுப்பை இறக்குமதியாளர் தலையிலும் வைத்தது. சான்றிதழ் கையில் இருந்தால் போதாது. பொருள் எப்படித் தகுதி பெற்றது என்ற விவரத்தை வைத்திருக்க வேண்டும், ஐந்து ஆண்டு ஆவணம் காக்க வேண்டும். ஏற்றுமதி செய்பவர் பக்கமும் தவறுகள் சாதாரணமானவை: சான்றில் ஒரு கோடு, இன்வாய்ஸில் வேறு கோடு, சரக்கு மூன்றாம் நாட்டில் இறங்கி மாறியதற்குக் கப்பல் ஆவணம் இல்லாதது, கப்பல் கிளம்பிய பிறகு சான்றுக்கு அலைவது. சிறு யூனிட்டுகளில் வரி இடைவெளி 2, 3 சதவீதம்தான் என்றால் இந்த அலைச்சலுக்குப் பயந்து சலுகையே வேண்டாம் என்று முழு வரி கட்டுகிறார்கள். அந்த அளவுக்கு ஒப்பந்தம் காகிதத்தோடு சரி.

பட்ஜெட்டில் தானே குறைப்பது

யாரிடமும் பேச வேண்டாம், பிறப்பிடச் சான்று வேண்டாம், பிடிக்காவிட்டால் திரும்ப ஏற்றலாம். உலக வர்த்தக அமைப்பில் இந்தியா ஒப்புக்கொண்ட உச்சவரம்பு பெரும்பாலான பொருட்களில் இன்று வாங்கும் வரியைவிட வெகு உயரத்தில் இருப்பதால் ஏற்றி இறக்க இடம் தாராளம். அந்தத் தாராளமே இதன் கோளாறு.

பருத்தி சாட்சி. 2021 பட்ஜெட்டில் எல்லாம் சேர்த்து 11% வரி. 2022இல் சில மாதம் நீக்கம், பிறகு மீண்டும் வரி. 2025 ஆகஸ்ட் 19 முதல் மறுபடி நீக்கம், முதலில் செப்டம்பர் 30 வரை, பிறகு டிசம்பர் 31 வரை. ஆறு வார விலக்கு என்று அறிவித்தால் யாருக்குப் பயன்? ஆர்டர் போட்டு, அமெரிக்காவிலிருந்தோ பிரேசிலிலிருந்தோ பஞ்சு தூத்துக்குடி வந்து சேரவே அத்தனை நாள் ஆகும். ஏற்கெனவே கடலில் சரக்கு வைத்திருந்தவருக்கு அதிர்ஷ்டம். ஏற்றுமதிக்கென்றே வரியில்லாமல் மூலப்பொருள் எடுக்க முன் அனுமதித் திட்டம் உண்டு, ஆனால் அதன் கணக்குவழக்கைப் பெரிய மில்கள்தான் தாங்கும்.

மறுபக்கம் விவசாயி. 2025-26இல் நீண்ட இழைப் பருத்திக்கு ஆதரவு விலை குவிண்டாலுக்கு 8,110 ரூபாய். இறக்குமதிப் பஞ்சு மலிவாக வந்து சந்தை விலை அதற்குக் கீழே போனால், இந்தியப் பருத்திக் கழகம் வாங்கியாக வேண்டும். வரியில் விட்டது மானியமாகத் திரும்பி வரும். இருந்தும் நம் கணிப்பில், நூலும் பஞ்சும் ரப்பரும் போன்ற உள்ளீடுகளுக்கு நிலையான, பல ஆண்டு வரி அட்டவணையும் விவசாயிக்கு நேரடி ஆதரவும் சேர்ந்த வழியே செலவு குறைந்தது. ஒரு குறை மட்டும் தீராது: நாம் தானாகக் குறைத்தால் எதிராளி பதிலுக்கு எதையும் திறப்பதில்லை.

மிரட்டலுக்கு நடுவே பேரம்

2025இல் அமெரிக்கா செய்தது இது. ஆகஸ்ட் 7 முதல் இந்தியப் பொருட்களுக்கு 25% கூடுதல் வரி. ரஷ்ய எண்ணெயைக் காரணம் காட்டி ஆகஸ்ட் 27 முதல் இன்னொரு 25%. 4 டாலர் பருத்தி டி-ஷர்ட்டுக்கு வழக்கமான 16.5% வரி 66 சென்ட். அதற்கு மேல் 50% என்றால் 2 டாலர். மொத்தம் 2.66. அப்போது பங்களாதேஷுக்குக் கூடுதல் 20% மட்டும், மொத்தம் 1.46. ஒரு சட்டையில் 1.20 டாலர் வித்தியாசம். எந்த பையரும் இதைத் தன் பையிலிருந்து கொடுக்க மாட்டார். வரி கட்டுவது அமெரிக்க இறக்குமதியாளர்தான் என்பது சட்டப்படி சரி. நடைமுறையில் பாதியைத் தள்ளுபடியாகக் கொடு, இல்லையென்றால் ஆர்டர் வேறு நாட்டுக்கு என்ற ஃபோன் வரும்.

இப்படிப்பட்ட பேரத்தில் 'வென்ற' நாடுகளைப் பாருங்கள். ஜப்பான் 15%க்கு இறங்கி வர 550 பில்லியன் டாலர் முதலீட்டு வாக்குறுதி கொடுத்தது. தென் கொரியாவின் நிலை இன்னும் கசப்பு: 2012 முதல் அமெரிக்காவோடு முழுமையான தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் வைத்திருந்த நாடு, 15%க்காக 350 பில்லியன் டாலர் உறுதி தர வேண்டியதாயிற்று. முன்பு பூஜ்யம் கட்டியவருக்கு 15% என்பது வெற்றியா? நாடாளுமன்றங்கள் ஏற்காத, ஒரு நிர்வாக உத்தரவில் பிறந்து இன்னொரு உத்தரவில் மறையக்கூடிய வரியை நம்பி யாரும் ஏழாண்டுக் கடனில் தறி வாங்க முடியாது. ஆனாலும் ஏற்றுமதியில் மூன்றில் ஒரு பங்கு அந்த ஒரே சந்தைக்குப் போகும் திருப்பூர் போன்ற ஊருக்குப் பேசாமல் இருக்கும் வசதி கிடையாது. கெட்ட வழி, தவிர்க்க முடியாத வழி.

ஒதுங்கி நின்றால்?

2019 நவம்பர் 4 அன்று பாங்காக்கில் ஆர்செப் (ஆசியான், சீனா, ஜப்பான் முதலிய நாடுகள் சேர்ந்த வர்த்தக ஒப்பந்தம்) பேச்சிலிருந்து இந்தியா விலகியது. காரணம் சீனப் பொருட்கள் குவியும் என்ற பயம். விலகிய பிறகு? சீனாவுடனான பற்றாக்குறை 2019-20இல் சுமார் 48.6 பில்லியன் டாலர், 2024-25இல் 99.2 பில்லியன். ஆசியான் பற்றாக்குறைக்கு ஒப்பந்தத்தைத் திட்டுபவர்கள் இந்த இரட்டிப்புக்கு எதைத் திட்டுவார்கள்? மின்னணு உதிரி, மருந்து மூலப்பொருள், சோலார் செல் இவற்றை வேறெங்கும் அந்த விலைக்கு வாங்க முடியாததால் வாங்குகிறோம். பற்றாக்குறையை மட்டும் வைத்து ஒப்பந்தத்தை எடைபோடுவது தப்பு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். விலகியது சரியான முடிவு என்றே இப்போதும் வாதிடலாம். பால், உருக்கு போன்ற துறைகளுக்கு மூச்சுவிட நேரம் கிடைத்தது. அந்த நேரத்தில் உள்ளீட்டு வரிகளைச் சீர்செய்திருந்தால் அந்த வாதம் பலமாக இருந்திருக்கும்.

எனவே வரிசை இப்படி: முதலில் தலைகீழ் வரிகளைப் பட்ஜெட்டில் நேராக்குவது, பிறகு போட்டியாளருக்கு எதிராக உண்மையான இடைவெளி கிடைக்கும் சந்தையோடு ஒப்பந்தம், பிறப்பிட விதியைச் சதவீதத்தில் மட்டும் விடாமல் எந்த வேலை எங்கே நடக்க வேண்டும் என்று பொருள்வாரியாக எழுதுவது. கடைசியாக ஒன்று, மறுபரிசீலனைக்குத் தேதி. ஆசியான் ஒப்பந்தத்தைத் திருத்த வேண்டும் என்று இந்தியா ஆண்டுக்கணக்கில் கேட்டு, 2023இல்தான் 2025க்குள் முடிப்போம் என்ற சம்மதம் கிடைத்தது. லாபத்தில் இருக்கும் தரப்புக்கு அவசரம் எதற்கு? ஐந்தாண்டுக்கு ஒருமுறை கட்டாயம் திறந்து பார்க்க வேண்டும் என்ற ஒரு வரியை 2009இலேயே எழுதி வாங்கியிருந்தால், அதன் பேர விலை அன்று மிகக் குறைவு.