பழைய லேப்டாப்பைக் கிச்சன் சுவரில் மாட்டப் போய் 7,800 ரூபாய் விட்ட கதை

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். நாலு நாள் போனால் "சரி, போகட்டும்" என்று நானே சமாதானமாகிவிடுவேன். என் குணம் அப்படி. அதனால் எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். போனது 7,800 ரூபாய். யாராவது ஒருவருக்கு அது மிச்சமானால் போதும். பழைய லேப்டாப்பைக் கொடுக்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

எங்களுடையது சென்னையில் வாடகை வீடு. கிச்சன் ஏழடிக்கு ஆறடி. மேடையில் அடுப்பு, மிக்ஸி, கிரைண்டர், தண்ணீர் கேன் வைத்தால் காய் நறுக்க ஒரு முழம்கூட மிஞ்சாது. போனை மிளகாய்த்தூள் டப்பாவில் சாய்த்து வைத்துத்தான் நானும் அத்தையும் (மாமியார்) சமையல் வீடியோ பார்ப்போம். போன வருஷம் என் போன் இட்லி மாவில் விழுந்து ஸ்பீக்கர் போனது. அப்போதுதான் லாஃப்டில் கிடந்த என் பழைய லேப்டாப் ஞாபகம் வந்தது.

அது அரசு கொடுத்த இலவச லேப்டாப். 2011 செப்டம்பரில் திட்டம் தொடங்கியது. 2012இல் பிளஸ் டூ படிக்கும்போது எனக்குக் கிடைத்தது. மூடியில் கோபுர முத்திரை, உள்ளே பென்டியம், 2 ஜிபி ராம், 320 ஜிபி ஹார்ட் டிஸ்க். அதில்தான் காலேஜ் ப்ராஜெக்ட் செய்தேன், முதல் வேலைக்கு ரெஸ்யூம் அடித்தேன். இப்போது ஆன் ஆக ஆறு நிமிஷம் பிடித்தாலும் திரை பளிச்சென்றுதான் இருந்தது. இதைப் பிரித்து, திரையை முன்னாலும் போர்டைப் பின்னாலும் வைத்து ஒரு ஃப்ரேமில் அடைத்துச் சுவரில் மாட்டிவிட்டால் மேடையில் ஓர் அங்குலம்கூட வீணாகாது. பலர் செய்திருக்கிறார்கள், நடக்காத விஷயம் இல்லை.

கடைப் பெயரைச் சொல்லப் போவதில்லை. பஸ் ஸ்டாண்ட் பக்கம் மாடியில் இருக்கும் ஒரு லேப்டாப் சர்வீஸ் கடை, எல்லா ஏரியாவிலும் இருக்கிற மாதிரி ஒன்று. கண்ணாடிக் கதவு, உள்ளே ஏசி, சுவரில் சாமி படம், பக்கத்தில் ஃப்ரேமுக்குள் ஒரு லேப்டாப் திரை. அதில் யாரோ மீன் வறுத்துக்கொண்டிருந்தார்கள். "இது நாங்க பண்ணினதுதான் அக்கா" என்றார் கடைக்காரர். முப்பது வயது இருக்கும்.

நான் ஏமாந்தது எந்த இடத்தில் என்று எனக்கே தெரியும். பையிலிருந்து லேப்டாப்பை எடுத்து வைத்தேன். வருஷக்கணக்கில் படிந்த தூசி. அவர் துணி தேடாமல் தன் சட்டை நுனியால் அந்தக் கோபுர முத்திரையை மெதுவாகத் துடைத்தார். துடைத்துவிட்டு, "எங்க அக்காவும் இதுலதான்க்கா படிச்சா. இதைப் போய் யாராச்சும் எடைக்குப் போடுவாங்களா" என்றார்.

அவ்வளவுதான். அதற்கு அப்புறம் அவர் என்ன விலை சொல்லியிருந்தாலும் கொடுத்திருப்பேன். 240 ஜிபி எஸ்எஸ்டி (பழைய ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் போடுவது, வேகமானது) புதிது 2,800, ராம் ஏற்ற 1,200, ஃப்ரேமும் வேலைக்கூலியும் 2,500, லினக்ஸ் மின்ட் (விண்டோஸுக்குப் பதில் போடும் இலவச இயங்குதளம்) போட 500, வயர்லெஸ் கீபோர்டு மவுஸ் 800. மொத்தம் 7,800. பேரம் பேசவில்லை. காய்கறிக் கடையில் கொசுறு கொத்தமல்லிக்குச் சண்டை போடுகிற நான், இங்கே வாயைத் திறக்கவில்லை.

இரண்டு விஷயம் மட்டும் வாய்விட்டுச் சொன்னேன். ஒன்று, பேட்டரி பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் பழையது, கழற்றிவிடுங்கள், சுவரில் மாட்டினால் அடாப்டரிலேயே ஓடட்டும். இரண்டு, பழைய ஹார்ட் டிஸ்க்கை என்னிடம் திருப்பித் தர வேண்டும். "கவர்ல போட்டு, பேர் எழுதியே தர்றேன்க்கா." 5,000 ரூபாயை அங்கேயே யுபிஐயில் அனுப்பினேன். ஒரு துண்டுச் சீட்டு கொடுத்தார். மேலே "எஸ்டிமேட்" என்று அச்சடித்திருந்தது. பில் இல்லையா என்று கேட்கத் தோன்றவில்லை.

நாலு நாளில் என்றது பன்னிரண்டு நாளானது. ஒரு பையன் வந்து நாலு ஓட்டை போட்டு மாட்டினான். மீதி 2,800ஐ வாங்கிக்கொண்டு போனான். ஆன் செய்தால் லினக்ஸ் மின்ட் இல்லை, விண்டோஸ் 10. மூலையில் ஆக்டிவேட் செய்யச் சொல்லும் எழுத்து வேறு. 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்திய விண்டோஸ் அது. போன் செய்தேன். "அது ஈஸியா இருக்கும்னு மாஸ்டர் போட்டுட்டார் மேடம், அப்புறமா மாத்திக்கலாம்." ஹார்ட் டிஸ்க்? "கடையில பத்திரமா இருக்கு மேடம், அந்தப் பக்கம் வரும்போது வாங்கிக்கங்க." அக்கா மேடமானதை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

உண்மையைச் சொன்னால் முதல் வாரம் சந்தோஷமாகத்தான் இருந்தது. அத்தை காலையில் சுப்ரபாதம், மத்தியானம் சீரியல், சாயந்தரம் ஏதாவது சமையல் சேனல் என்று அதை விடவேயில்லை. மேடையும் காலி. நான் நாலு பேரிடம் அந்தக் கடையைப் பற்றிப் பெருமையாகச் சொன்னேன், அதில் இரண்டு பேர் போயும் வந்தார்கள். அவர்களிடம் என்ன சொல்வதென்று இன்னும் தெரியவில்லை.

இரண்டாவது வாரம், கஞ்சி வடித்த ஈரக்கையோடு அத்தை வால்யூமைக் குறைக்கப் போய் ஃப்ரேமைத் தொட்டார். "ஏம்மா, சுர்ருன்னுது" என்று கையை உதறினார். அலுமினிய ஃப்ரேம். நானும் தொட்டுப் பார்த்தேன், எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது. கடைக்குப் போன் செய்தேன். அவர் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன்: "செருப்பு போட்டுக்கிட்டுத் தொடுங்க மேடம்."

அறுபத்தெட்டு வயது மனுஷி கிச்சனில் செருப்பு போட்டுக்கொண்டு சமைக்க வேண்டுமாம்.

மூன்றாவது வாரம் திரையின் நடுவில் ஒரு வெள்ளைத் திட்டு. முதலில் எட்டணா அளவு, நாலு நாளில் உள்ளங்கை அளவு. போட்டோ எடுத்து அனுப்பினேன். இரண்டு நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. மறுநாள் நானே கூப்பிட்டேன். "கிச்சன்ல வெச்சா ஆவி பட்டு அப்படித்தான் ஆகும் மேடம், நாங்க அன்னைக்கே சொன்னோமே." எப்போது சொன்னார்கள்? ஆவி படும் என்று தெரிந்துதானே கிச்சனுக்கென்று கேட்டு, அடுப்புக்கு எதிர்ச் சுவரில், நாலடி தள்ளி மாட்டச் சொன்னேன்.

போன ஞாயிற்றுக்கிழமை தம்பி வந்திருந்தான். பார்த்த உடனே பிளக்கைப் பிடுங்கினான். "அக்கா, இதுக்குப் பின்னால ஏதோ தள்ளுது." ஸ்க்ரூவைக் கழற்றி ஃப்ரேமைத் திறந்தால், கழற்றச் சொன்ன அதே பேட்டரி, போர்டுக்கும் திரைக்கும் நடுவில் கறுப்பு டேப் போட்டு ஒட்டி வைத்திருக்கிறார்கள். எண்ணெயில் போட்ட பூரி மாதிரி உப்பியிருந்தது. அதுதான் திரையைப் பின்னாலிருந்து முட்டி வெள்ளைத் திட்டு போட்டிருக்கிறது. லித்தியம் பேட்டரி பழசாகும்போது உள்ளே வாயு சேர்ந்து உப்பும். அந்த நிலையில் அழுத்தினாலோ குத்துப்பட்டாலோ தீப்பிடிக்கும். அதை ஃப்ரேமுக்குள் இறுக்கி ஸ்க்ரூ போட்டு மூடி, நாள் முழுக்க சார்ஜும் ஏற்றியிருக்கிறோம். நாலடி தள்ளி கேஸ் அடுப்பு. நினைத்தால் இப்போதும் கை நடுங்குகிறது.

அடாப்டரும் என்னுடையது இல்லை. நான் கொடுத்தது மூன்று பின் வயரோடு இருந்தது. வந்தது இரண்டு பின், பெயர் தெரியாத டூப்ளிகேட். எர்த் இல்லாததால்தான் ஃப்ரேமில் அந்தச் சுர்ர். மாட்டின அன்றைக்கே நான் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை.

அப்புறம் தம்பி பென் டிரைவிலிருந்து மின்ட்டை ஓட்டி எஸ்எஸ்டியைச் சோதித்தான். எஸ்எஸ்டி எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று அதுவே கணக்கு வைத்திருக்குமாம். எனக்குத் தெரியாது. என் "புது" எஸ்எஸ்டியில் 19,400 மணி நேரத்துக்கு மேல் காட்டியது. ராத்திரி பகலாக அணைக்காமல் ஓட்டினாலே இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகும். என் வீட்டில் ஓடியது மூன்று வாரம். இதற்குத்தான் 2,800.

ராம் மட்டும் சரியாகப் போட்டிருந்தார்கள். அதையும் சொல்லிவிட வேண்டும்.

திங்கட்கிழமை அரை நாள் லீவு போட்டு நேரில் போனேன். "மாஸ்டர் ஊருக்குப் போயிருக்கார்." செவ்வாய்க்கிழமை: "ஓனர்கிட்ட பேசுங்க." ஓனர் என்று அதுவரை ஒருவர் இருப்பதே எனக்குத் தெரியாது. நம்பர் கொடுத்தார்கள், அது ஸ்விட்ச்டு ஆஃப். வியாழக்கிழமை மறுபடி போனேன். எனக்கு முன்னால் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தார், கையில் அதே மாதிரி முத்திரை போட்ட லேப்டாப். இவர் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டே, "எங்க தங்கச்சியும் இதுலதான்க்கா படிச்சா" என்கிறார். தங்கச்சியாம்! நான் அங்கேயே கத்திவிட்டேன். அந்தப் பெண் லேப்டாப்பைப் பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். இந்தக் கதையில் எனக்குக் கிடைத்த ஒரே திருப்தி அதுதான்.

கத்தினதற்கு அப்புறம் நான் மேடமும் இல்லை. "ஏம்மா, பில் வெச்சிருக்கியா? எஸ்டிமேட் எல்லாம் பில் ஆகாது." பணம் கிடக்கட்டும், ஹார்ட் டிஸ்க்கையாவது கொடு என்றேன். மேசை இழுப்பறையை ஒரு தடவை இழுத்துப் பார்த்தார். உள்ளே டிஸ்க்குகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து கிடந்தன, எதிலும் பெயர் இல்லை. "ஸ்கிராப்ல போயிருக்கும்" என்று இழுப்பறையை மூடிவிட்டார்.

அந்த டிஸ்க்கில் என் ஆதார், பான் ஸ்கேன், வாடகை ஒப்பந்தம், கல்யாண போட்டோ எல்லாம் இருந்தது. ஃபார்மட் செய்தாலும் அதற்கென்ற சாஃப்ட்வேர் வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் மீட்டெடுத்துவிடலாம் என்கிறான் தம்பி. நானோ ஃபார்மட்கூடச் செய்யாமல் கொடுத்திருக்கிறேன். இன்னொன்றும் இருந்தது. ஹாஸ்டலில் முதன்முதலில் சமைத்தபோது அம்மா போனில் சொல்லச் சொல்ல நான் அடித்து வைத்த ஒரு ஃபைல். கருவாட்டுக் குழம்பு, பருப்பு உருண்டைக் குழம்பு, மோர் ரசம். "புளியை நெல்லிக்காய் அளவு, உன் ஹாஸ்டல் நெல்லிக்காய் இல்ல, நம்ம வீட்டு நெல்லிக்காய்" என்று அம்மா சொன்னதைக்கூட அப்படியே அடித்திருந்தேன். அம்மா ஊரில் சௌக்கியமாக இருக்கிறார், கேட்டால் இன்னொரு தடவை சொல்வார். ஆனால் கிச்சனில் ஒரு கம்ப்யூட்டர் வேண்டும் என்று நான் நினைத்ததே அந்த ஃபைலைத் திறந்து வைத்துச் சமைக்கத்தான்.

7,800 ரூபாய். என் வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பது இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விவரமாக எழுதுகிறேன் என்றேன். எழுத உட்கார்ந்தால் கோபம்தான் வருகிறது. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஹார்ட் டிஸ்க்கைக் கடைக்குப் போகும் முன்பே கழற்றி வீட்டில் வைத்துவிடுங்கள், அடியில் இரண்டு மூன்று ஸ்க்ரூதான். பேட்டரியையும் அப்படியே, பழைய மாடல்களில் கையாலேயே தள்ளிக் கழற்றலாம், பெரும்பாலான லேப்டாப் அது இல்லாமல் அடாப்டரிலேயே ஓடும். உப்பிய பேட்டரியைக் குப்பையில் போடாதீர்கள், இ-வேஸ்ட் எடுப்பவர்களிடம் கொடுங்கள். எஸ்எஸ்டி பெட்டியை உங்கள் கண் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள். ஜிஎஸ்டி எண்ணோடு பில் இல்லாமல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். கிச்சனில் எர்த் இல்லாத பிளக் வேண்டவே வேண்டாம்.

இவ்வளவு பிரித்து மேய வேண்டிய அவசியமே இல்லையாம். ஷெல்ஃபுக்குக் கீழே இரண்டு எல் பிராக்கெட் அடித்து, மேலே ஒரு பலகை போட்டு, லேப்டாப்பை அப்படியே திறந்து வைத்து, வயர்லெஸ் கீபோர்டு வாங்கினால் போதும், ஆயிரத்து ஐந்நூறுக்குள் முடிந்திருக்கும் என்றான் தம்பி. இதை அவனிடம் ஒரு மாதம் முன்னால் கேட்டிருக்கலாம்.

1915, தேசிய நுகர்வோர் உதவி எண். நேற்று கூப்பிட்டுப் புகார் பதிந்திருக்கிறேன். யுபிஐ ரசீது, எஸ்டிமேட் சீட்டு, பேட்டரி போட்டோ எல்லாம் வைத்திருக்கிறேன். இதில் நடக்கவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஐந்து லட்சம் ரூபாய் வரையான வழக்குக்கு அங்கே கட்டணம் கிடையாது. என்ன ஆகிறது என்று இங்கேயே எழுதுகிறேன்.

ஃப்ரேமை இறக்கி பால்கனியில் வைத்திருக்கிறோம். அத்தை மறுபடி என் போனை மிளகாய்த்தூள் டப்பாவில் சாய்த்து வைத்துவிட்டார். சுவரில் நாலு ஓட்டை அப்படியே இருக்கிறது. வீட்டு ஓனர் அதை அட்வான்ஸில் பிடிப்பார், அது தனிக் கணக்கு.