டிரக் கேம்பருக்கு எந்தப் பிக்கப்? ஏர் பேக்கா, ஸ்பிரிங்கா, டூயலியா?

போன மாதம் ரெட்மண்டில் இருக்கும் ஒரு தம்பி போன் செய்தார். "அண்ணா, என்கிட்ட ஹாஃப்-டன் பிக்கப் இருக்கு. பழைய டிரக் கேம்பர் ஒண்ணு நல்ல விலைக்கு வருது. பின்னாடி ஸ்பிரிங்குக்குத் துணையா ஏர் பேக், அதாவது காத்துப் பை, போட்டுட்டா தாங்கிடும்னு விக்கிறவர் சொல்றார். வாங்கலாமா?"

வேண்டாம் என்றேன். காரணத்தைச் சொல்லி முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. வாஷிங்டன் மாநிலத்துக்குக் குடிவந்த நம்மவர்கள் பலர் இப்போது இந்தக் கேள்வியோடு வருவதால், அன்று சொன்னதை இங்கே விரித்து எழுதுகிறேன்.

டிரக் கேம்பர் என்பது பிக்கப்பின் பின்பக்கத் திறந்த தொட்டிக்குள் இறக்கி வைக்கிற சிறிய வீடு. டிரெய்லர் மாதிரி பின்னால் இழுபட்டு வருவதில்லை. அதனால் விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போடுகிற இழுவைத் திறன் இங்கே உதவாது. பன்னிரண்டாயிரம் பவுண்டு இழுக்கும் வண்டி இரண்டாயிரம் பவுண்டைக்கூடச் சுமக்க முடியாததாக இருக்கலாம். பார்க்க வேண்டியது பேலோடு, அதாவது வண்டி தன் முதுகில் தாங்கக்கூடிய எடை. ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் மஞ்சளும் வெள்ளையுமாக ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களும் சரக்கும் சேர்ந்து எத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது என்று அதில் அச்சடித்திருப்பார்கள். அந்த எண் அந்த ஒரு வண்டிக்கு மட்டும் உரியது. ஒரே மாடலில் சன்ரூஃபும் தோல் இருக்கையும் உள்ள வண்டிக்கு எண் இறங்கிவிடும். மொத்த எடை வரம்பு 10,000 பவுண்டைத் தாண்டும் பெரிய வண்டிகள் சிலவற்றில் இந்த வரி இருக்காது. அங்கே பக்கத்து லேபிளில் உள்ள மொத்த எடை வரம்பிலிருந்து, எடைமேடையில் அளந்த காலி வண்டியின் எடையைக் கழித்துக்கொள்ள வேண்டும்.

இனி கேம்பரின் எடை. கையேட்டில் போட்டிருப்பது வெற்று எடை. 2,600 பவுண்டு என்று போட்ட ஒரு கேம்பரை எடுத்துக்கொள்வோம். ஒரு கேலன் தண்ணீர் 8.34 பவுண்டு, முப்பது கேலனுக்கு 250. ஏசி, கூரைப் பந்தல், கூடுதல் பேட்டரி எல்லாம் சேர்த்து இன்னொரு 250. இரண்டு சிலிண்டரில் கேஸ் மட்டும் 40. துணி, பாத்திரம், அரிசி பருப்பு, நாற்காலி, சைக்கிள் என்று குடும்பம் கிளம்பினால் 400க்குக் குறையாது. ஆக 3,540. கேம்பரைக் கட்டும் இரும்புச் சாமான்கள் 150, பெரியவர் இருவரும் பிள்ளைகள் இருவரும் 450. மொத்தம் 4,140 பவுண்டு, ஏறக்குறைய 1,880 கிலோ.

இந்த எண்ணை வைத்துக்கொண்டு வண்டிகளைப் பார்ப்போம். ஹாஃப்-டன், முக்கால்-டன், ஒரு-டன் என்பவை பிக்கப்பின் அளவுப் பிரிவுகளின் பெயர்கள் மட்டுமே, அவை தாங்கும் எடை அல்ல.

ஹாஃப்-டன் வண்டிகளின் ஸ்டிக்கரில் பெரும்பாலும் 1,400 முதல் 1,900 வரைதான் இருக்கும். தம்பியின் வண்டியில் 1,560. அந்தப் பேச்சு அங்கேயே முடிந்தது. மடக்கும் கூரையுள்ள மிக இலேசான பாப்-அப் கேம்பரை, இரண்டு பேர் மட்டும் போவதாக இருந்தால், கணக்குப் போட்டுப் பார்த்து ஏற்றலாம். அதற்கு மேல் ஹாஃப்-டன்னிடம் கேட்பது நியாயமில்லை.

முக்கால்-டன்னில்தான் ஏமாறுகிறோம். பார்க்க மலை மாதிரி இருக்கும். ஆனால் இந்த வகை வண்டிகள் பலவற்றை 10,000 பவுண்டு மொத்த எடை வரம்புக்குள் நிறுத்தியிருக்கிறார்கள். அந்த வரம்புக்குள் கனமான டீசல் எஞ்சினை வைத்தால், எஞ்சினின் எடை பேலோடிலிருந்துதான் போகும். டீசல் முக்கால்-டன்னில் இரண்டாயிரத்துச் சொச்சம் மட்டுமே மிஞ்சுவது சாதாரணம். அதே வண்டி பெட்ரோலில் மூவாயிரத்தை ஒட்டி வரும். மலையேற டீசல் சுகம், எஞ்சின் பிரேக்கும் அருமை, மறுக்கவில்லை. ஆனால் முதுகில் சுமப்பதற்கு என்று வாங்கினால் பெட்ரோல்தான் என் தேர்வு. ராம் 2500 என்ற முக்கால்-டன்னில் 2014 மாடலிலிருந்து பின்பக்கம் சுருளாக உள்ள காயில் ஸ்பிரிங். காலியாக ஓட்ட மெத்தென்று இருக்கும், ஆனால் எஃகுப் பட்டைகளை அடுக்கிய லீஃப் ஸ்பிரிங்குக்கு என்று செய்த துணைப் பாகங்கள் அதில் பொருந்தா. ஒரு-டன்னான ராம் 3500இல் லீஃப் உண்டு.

ஒரு-டன்னில் இரண்டு வகை. பின்னச்சில் பக்கத்துக்கு ஒரு டயர் உள்ளது ஒன்று, பக்கத்துக்கு இரண்டு டயர் உள்ள டூயலி மற்றொன்று. ஒற்றை டயர் வண்டி, பெட்ரோல் எஞ்சினோடு, நாலாயிரத்தை ஒட்டிச் சுமக்கும். டூயலி ஐயாயிரத்தைத் தாண்டும். நம் 4,140 ஒற்றை டயரில் விளிம்பில் நிற்கிறது, டூயலியில் நிம்மதியாக உட்காருகிறது.

அப்படியென்றால் டூயலியே வாங்கிவிடலாமே என்று தோன்றும். கேம்பரைத் தொட்டியிலேயே வைத்துவிட்டு வருடம் முழுக்கச் சுற்றுபவர்களுக்கு அதுதான் சரி. பக்கவாட்டில் அது நிற்கும் உறுதியை வேறு எதுவும் தராது. ஒரு டயர் வெடித்தாலும் பக்கத்து டயர் வண்டியைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் பின்புறம் 8 அடி அகலம். கடை வாசல் பார்க்கிங்கில் தினமும் சிரமம், மாற்ற ஆறு டயர், பனியில் சங்கிலி கட்ட கூடுதல் வேலை. வார நாளில் பிள்ளைகளைப் பள்ளியில் விடும் வண்டியும் அதுவே என்றால் ஒற்றை டயர் ஒரு-டன்னை எடுத்து, கேம்பரின் எடையைக் குறைத்துக்கொள்வது மேல். சுவர் வெளியே நகர்ந்து அறை பெரிதாகும் ஸ்லைடு-அவுட் இல்லாத கேம்பராகப் பார்த்தாலே சில நூறு பவுண்டு குறைந்துவிடும்.

முன்பாரமும் பின்பாரமும்

மாட்டு வண்டி ஓட்டிய எவருக்கும் இதை விளக்க வேண்டாம். பின்பாரம் விழுந்தால் நுகத்தடி மேலே தூக்கும். பிக்கப்பிலும் அதேதான். கேம்பரின் எடை மையம் பின்னச்சுக்குக் கொஞ்சமாவது முன்னால் விழ வேண்டும். பின்னால் போனால் முன் டயர்கள் இலேசாகி, ஸ்டியரிங் பிடிமானமும் முன் பிரேக்கும் குறையும். எடை மையம் எங்கே என்று கேம்பரின் பக்கவாட்டில் குறியிட்டிருப்பார்கள். அது எந்த எல்லைக்குள் வர வேண்டும் என்று வண்டியோடு வரும் தாள்களில் இருக்கும்.

எட்டடித் தொட்டியா, ஆறே முக்கால் அடியா என்ற கேள்விக்கு இதிலேயே பதில் இருக்கிறது. எட்டடித் தொட்டிக்குச் செய்த கேம்பரைக் குட்டைத் தொட்டியில் ஏற்றினால் மையம் பின்னுக்குத் தள்ளும். குட்டைத் தொட்டி நகரத்தில் வசதிதான். ஆனால் பழைய கேம்பர் தேடுபவர்களுக்கு எட்டடி வண்டியில்தான் வாய்ப்பு அதிகம்.

ஏர் பேக், ரப்பர், லீஃப்

தம்பியின் விற்பனையாளர் சொன்ன விஷயத்துக்கு வருவோம். ஏர் பேக் போட்டால் பேலோடு கூடாது. ஏர் லிஃப்ட், ஃபயர்ஸ்டோன் மாதிரி அதைச் செய்கிற நிறுவனங்களே வண்டியின் எடை வரம்பு மாறாது என்று சொல்கின்றன. அச்சு, டயர், பிரேக், அடிச்சட்டம் எல்லாம் பழையபடியேதான் இருக்கின்றன. வரம்புக்குள் ஏற்றிய வண்டி பின்னால் தாழ்கிறதே, ஆடுகிறதே என்பதைச் சரிசெய்வதற்கு மட்டும்தான் இந்தப் பாகங்கள். தாழ்வது ஒரு நோய், ஆடுவது வேறொரு நோய்.

தாழ்வுக்கு ஏர் பேக் நல்ல மருந்து. காற்றைக் கூட்டிக் குறைத்து வண்டியை மட்டமாக்கலாம், கேம்பரை இறக்கியதும் காற்றை விட்டுவிடலாம். ஆட்டத்துக்கு அது மருந்தில்லை. இரண்டு பைகளும் சட்டத்தை ஒட்டி உள்ளே தள்ளி இருப்பதால் பக்கவாட்டுச் சாய்வைத் தடுக்கும் பலம் குறைவு. அளவுக்கு மீறிக் காற்றடித்தால் வண்டி உயர்ந்து, சுமைக்கென்று இருக்கும் கூடுதல் லீஃப் வேலை செய்யாமல் சும்மா இருக்கும், ஆட்டம் இன்னும் கூடும். அதோடு, இரண்டு பைகளையும் ஒரே குழாயில் இணைக்கவே கூடாது. வளைவில் சாயும் பக்கத்துக் காற்று மறுபக்கத்துக்கு ஓடி, சாய்வுக்குத் துணைபோகும். பக்கத்துக்கு ஒரு தனிக் குழாய் வேண்டும்.

டிம்ப்ரென் என்பது உள்ளே வெற்றிடமுள்ள ரப்பர் ஸ்பிரிங். அச்சு மேலே மோதாமல் தடுக்கும் பம்ப் ஸ்டாப்பின் இடத்தில் உட்காரும். காற்றுக் கசிவு கிடையாது, பராமரிப்பு கிடையாது. உயரத்தை மாற்ற முடியாது, மேடுபள்ளத்தில் கொஞ்சம் உதைக்கும். அடிக்கடி ஏற்றி இறக்காதவர்களுக்கு ஏற்றது.

எனக்குப் பிடித்தது டார்க்லிஃப்ட் நிறுவனத்தின் ஸ்டேபிள்லோடு. லீஃப் ஸ்பிரிங்கில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய எஃகுப் பட்டைகளில் சுமைக்கான பட்டை தனியே, இடைவெளி விட்டு நிற்கும். வண்டி ஓரளவு அமுங்கிய பிறகுதான் அது தொடும். அந்த இடைவெளியில்தான் கேம்பர் இங்கும் அங்கும் ஆடுகிறது. ஸ்டேபிள்லோடு அந்த இடைவெளியை நிரப்பி, சுமைப் பட்டையை முதலிலேயே வேலைக்கு இழுத்துவிடும். காசும் ஏர் பேக்கைவிட அதிகமில்லை. இதற்குப் பிறகும் ஆட்டம் மிஞ்சினால் ஹெல்விக் மாதிரி கனமான ஸ்வே பார். பக்கவாட்டுச் சாய்வைத் தடுக்கவென்றே இருக்கும் பாகம் அதுதான். நம் பக்கம் ஐ-90 நெடுஞ்சாலையில் ரைகிராஸ் இறக்கம் முடிந்து வான்டேஜ் பாலத்தில் ஏறும்போது கொலம்பியா ஆற்றுக் காற்று பக்கத்திலிருந்து அறையும். ஸ்வே பார் போடுவதற்கு முன்பும் பின்பும் அந்தப் பாலத்தைக் கடந்திருக்கிறேன். முன்பு இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தேன், பிறகு என் மனைவியோடு பேசிக்கொண்டே கடந்தேன்.

ஆனால் இதில் எதற்கும் பணம் செலவழிக்கும் முன் டயரைப் பாருங்கள். பயணிகள் கார் வகை டயரில் கேம்பர் ஏற்றவே கூடாது. இலகு டிரக்குக்கான எல்டி வகை, அதிலும் லோடு ரேஞ்ச் ஈ என்ற சுமைத் தரம் வேண்டும். எல்டி 275/70ஆர்18 அளவில் அப்படி ஒரு டயர் 80 பிஎஸ்ஐ காற்றில் 3,640 பவுண்டு தாங்கும், இரண்டுக்கு 7,280. காற்று குறைந்தால் இந்த எண்ணும் குறையும், டயரின் பக்கச்சுவர் நெளிந்து ஆட்டமும் கூடும். ஸ்பிரிங் சரியில்லை என்று வந்த இரண்டு பேருக்குக் காற்றை மட்டும் சரிசெய்து அனுப்பியிருக்கிறேன்.

கட்டுவது

கேம்பரை நான்கு மூலையிலும் கட்ட வேண்டும். தொட்டியில் மாட்டும் கொக்கிகள் மலிவு, பொருத்துவதும் எளிது. ஆனால் தொட்டித் தகடு இவ்வளவு இழுப்புக்கென்று செய்ததல்ல. ஃபோர்டு எஃப்-150இல் 2015 மாடலிலிருந்தும் அதைவிடப் பெரிய சூப்பர் டியூட்டியில் 2017 மாடலிலிருந்தும் தொட்டி அலுமினியம், அங்கே இதை நினைக்கவே வேண்டாம். அடிச்சட்டத்தில் போல்ட் போட்டு வெளியே நீளும் டார்க்லிஃப்ட் வகைதான் என் ஓட்டு. கேம்பரோடு இணைத்து முறுக்கி இறுக்கும் டர்ன்பக்கிள் கம்பிகளோடு சேர்த்தால் ஆயிரம் டாலரைத் தாண்டும். அந்தக் காசை மிச்சம் பிடிக்காதீர்கள்.

டர்ன்பக்கிளிலும் உள்ளே ஸ்பிரிங் உள்ளதை எடுங்கள். சட்டமும் தொட்டியும் ஓட்டத்தில் முறுக்கும். ஸ்பிரிங் இல்லாத கம்பி அந்த முறுக்கையெல்லாம் கேம்பரின் மூலைக் கொக்கி மேல் இறக்கிவிடும். நாங்கள் முதலில் வாங்கிய பழைய கேம்பரில் எனக்கு நடந்தது இதுதான். வெளியே பளபளப்பு, உள்ளே மூலை மரம் நீரில் ஊறி இற்றிருந்தது. ஸ்பிரிங் இல்லாத கம்பியை நானும் பலமாக முறுக்கிவிட்டேன். எல்லன்ஸ்பர்க் தாண்டி ஓய்விடத்தில் நிறுத்திப் பார்த்தபோது பின்பக்கக் கொக்கி மரத்தோடு பிய்ந்து தொங்கியது. பிள்ளைகள் பின் இருக்கையில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அன்றிலிருந்து கிளம்பிய அரை மணியில் ஒரு தடவை, பிறகு நிற்கும் இடமெல்லாம் நான்கு மூலையையும் கையால் தொட்டுப் பார்க்காமல் வண்டி எடுப்பதில்லை. பழைய கேம்பர் வாங்குபவர்கள் கொக்கி இருக்கும் நான்கு மூலையையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.

தொட்டியில் தடித்த ரப்பர் விரிப்பு போட மறக்க வேண்டாம். வழுக்கும் பிளாஸ்டிக் லைனர் இருந்தால் முதலில் அதைக் கழற்றுங்கள்.

நாங்கள் கடைசியில் எடுத்தது எட்டடித் தொட்டியுள்ள ஒற்றை டயர் ஒரு-டன், பெட்ரோல். கேம்பருக்கு ஸ்லைடு-அவுட் கிடையாது. ஸ்டேபிள்லோடும் ஸ்வே பாரும் உண்டு, ஏர் பேக் இல்லை. முதல் பயணத்துக்கு முன் தண்ணீர், பெட்ரோல், கேஸ் எல்லாம் நிரப்பி, பிள்ளைகளையும் உட்காரவைத்து, லாரி நிறுத்தத்தில் உள்ள கேட் ஸ்கேலில் ஏற்றினேன். முன்னச்சையும் பின்னச்சையும் தனித்தனியாகக் காட்டும் மேடை அது, கட்டணம் இருபது டாலர்கூட ஆகாது. முன்னச்சு 4,420, பின்னச்சு 6,580, மொத்தம் 11,000. எங்கள் வண்டியின் வரம்பு 11,200. காலியாக இருந்தபோது முன்னச்சு 4,200, ஆகவே பின்பாரம் இல்லை. மிச்சம் 200 பவுண்டுதான். அதனால் மலையில் தண்ணீர் கிடைக்கும் முகாம் என்றால் தண்ணீர்த் தொட்டியைக் கால்பங்கு மட்டும் நிரப்புகிறோம்.

தம்பி அந்தக் கேம்பரை விட்டுவிட்டார். இப்போது பெட்ரோல் முக்கால்-டன்னும் பாப்-அப் கேம்பரும் தேடிக்கொண்டிருக்கிறார். போன வாரம் ஒரு கதவு ஸ்டிக்கரைப் படமெடுத்து அனுப்பினார், 3,120 என்றிருந்தது. கேம்பரின் எடை, எல்லாம் நிரப்பிய பிறகு 2,000, நால்வருக்கு 450, இரும்புச் சாமானுக்கு 150. போய்ப் பாருங்கள் என்றேன்.