சைகை எழுத்தை வாசிக்க வண்ணம்: நான்கு மாத அனுபவம்

என் தங்கை மகனுக்குக் காது கேட்காது. அவன் பேசுவது அமெரிக்க சைகை மொழி. அவனோடு கையால் பேச ஒருவழியாகப் பழகிவிட்டேன். ஆனால் அவன் சைகை எழுத்தில் கதை படிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து நான் சும்மா விழித்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் சைன்ரைட்டிங் என்ற அந்த எழுத்துமுறையைக் கற்க ஆரம்பித்தேன். அதற்கான கருவிகளில் குறிகளுக்கு நிறம் கொடுக்கும் வசதி ஒன்று இருக்கிறது. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

நடன அசைவுகளை எழுத ஒரு முறை வகுத்திருந்த வேலரி சட்டன், 1974-ல் அதிலிருந்து உருவாக்கியது சைன்ரைட்டிங். இதில் குறிகள் எழுத்துகளைப் போல வரிசையாக நிற்பதில்லை. தலை, கை, அசைவு எல்லாம் உடம்பில் எங்கே இருக்குமோ அந்த இடத்திலேயே குவிந்து நிற்கும். 2010-ல் வந்த குறித்தொகுப்பில் அடிப்படைக் குறிகள் மட்டும் 652. அவை 7 பெரும் பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. புதிதாகப் பார்ப்பவருக்கு ஒவ்வொரு சைகையும் ஒரு கறுப்புச் சிக்கலாகத்தான் தெரியும்.

வண்ணத்தைப் போட்டதும் அந்தச் சிக்கல் பிரிகிறது. கை நீலம், அசைவு சிவப்பு, தலையும் முகமும் கரும்பச்சை. வேகத்தையும் நேரத்தையும் காட்டும் குறிகள் இளஞ்சிவப்பு, நிறுத்தக்குறிகள் ஆரஞ்சு. ‘அம்மா’ என்ற சைகையை எடுத்துக்கொள்ளுங்கள். விரித்த கையின் கட்டைவிரல் மோவாயைத் தொடும். திரையில் ஒரு பச்சை வட்டம், அதன் கீழ்ப்பக்கம் நீலக் கை, கூடவே ‘தொடுகிறது’ என்று சொல்லும் சிவப்பு நட்சத்திரம். ‘அப்பா’வுக்கும் இதே மூன்றுதான், கை மட்டும் நெற்றிக்கு ஏறிவிடும். எல்லாம் கறுப்பாக இருந்தபோது இந்த இரண்டையும் ஒவ்வொரு முறையும் மாற்றிப் படித்தேன். நிறம் வந்த பிறகு, பச்சை வட்டத்தில் நீலம் மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா என்று பார்த்தால் போதும். ஒரே மாலையில் அந்தத் தடுமாற்றம் போய்விட்டது.

எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. சைன்ரைட்டிங்கில் கறுப்பு வெள்ளைக்கே பொருள் உண்டு. எழுதியிருப்பது சைகை செய்பவர் தன் கையைத் தானே பார்க்கும் காட்சி. உள்ளங்கை தெரிந்தால் கை வெள்ளை, புறங்கை தெரிந்தால் கறுப்பு, பக்கவாட்டில் இருந்தால் பாதி பாதி. சட்டன் சைன்ரைட்டிங் எழுத்துருவைக் கோடு ஒன்று, உள்நிரப்பு ஒன்று என இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள். அதனால் கோட்டின் நிறத்தை மாற்றினாலும் உள்ளே வெள்ளை வெள்ளையாகவே நிற்கும். புறங்கை முழு நீலமாகும், உள்ளங்கை நீலக்கோடு போட்ட வெள்ளையாக இருக்கும். ஒரு தகவலும் தொலைவதில்லை. யோசித்துச் செய்த வேலை இது.

இதன் அருமை எனக்கு ஒரு பயிற்சித் தாளால்தான் புரிந்தது. யாரோ ஆர்வத்தில் செய்தது. கைகள் எல்லாவற்றையும் உள்ளே மஞ்சள் பூசி அழகாக அச்சிட்டிருந்தார்கள். உள்ளங்கையும் மஞ்சள், புறங்கையும் மஞ்சள். அதை வைத்து நான் ஒரு வாக்கியத்தைச் செய்துகாட்ட, பையன் என் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பிவிட்டான். அடுத்த சொல்லிலும் திருப்பினான். மூன்றாவது சொல்லில் தாளையே வாங்கி ஓரமாக வைத்துவிட்டான். வண்ணம் போட்டு யாருக்காவது பாடம் தயாரிப்பவர்கள் தயவுசெய்து கையின் உள்ளே கை வைக்காதீர்கள்.

நிறத்தால் தீராத இடங்களும் உண்டு. அம்புக்குறிகள் எல்லாமே சிவப்புதான். ஆனால் தாளில் மேல்நோக்கி நிற்கும் அம்புக்கு இரட்டைத் தண்டு இருந்தால் கை மேலே போகிறது, ஒற்றைத் தண்டு இருந்தால் உடம்பை விட்டு முன்னால் போகிறது. அம்பின் தலை கறுப்பாக இருந்தால் வலக்கை, வெள்ளையாக இருந்தால் இடக்கை. வண்ணம் போட்டால் அந்தக் கறுப்புத் தலை முழுச் சிவப்பாகும், வெள்ளைத் தலை அப்படியே இருக்கும். சிவப்பைக் கண்டதும் ‘சரி, அசைவு’ என்று கண் தாவிவிடுகிறது, தண்டை எண்ணுவதில்லை. நான் முதல் மாதம் முழுக்க அப்படித்தான் படித்தேன். அப்புறம் ஒவ்வொரு அம்பிலும் தண்டை விரலால் தடவிப் பார்க்கும் பழக்கத்தை வைத்துக்கொண்டேன்.

இன்னொன்று, சிவப்பும் கரும்பச்சையும் பிரித்துத் தெரியாத கண் உள்ளவர்களுக்கு முகமும் அசைவும் ஒரே மங்கலாகக் கலந்துவிடும். அவர்களுக்குச் சிவப்புக்குப் பதில் ஆரஞ்சும், முகத்துக்குக் கறுப்பும் போட்டுக் கொடுக்கலாம். நிறுத்தக்குறிகள் தனியாக நிற்பதால் ஆரஞ்சு குழப்பாது. நிறத்தை மாற்றுவது பெரிய வேலை இல்லை. ஆனால் மாற்ற வேண்டும் என்று யாராவது முதலில் கேட்க வேண்டும். படிப்பவர் தானாகச் சொல்லமாட்டார், தனக்குத் தெரிவதுதான் எல்லோருக்கும் தெரிகிறது என்று நினைப்பார். காது கேளாதவர்களில் சிலருக்குப் பார்வையும் குறைந்துகொண்டே வரும். வெள்ளைத் திரையில் இளஞ்சிவப்பு அவர்களுக்கு எடுபடாது.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு இதைத் தயங்காமல் சொல்வேன், வண்ணத்தை வைத்துப் படியுங்கள். ஆனால் அச்சிட்ட சைகை எழுத்து பெரும்பாலும் கறுப்பு வெள்ளைதான். அதனால் எல்லா நிறத்தையும் ஒரே நாளில் அணைக்காமல் ஒவ்வொன்றாக எடுங்கள். நான் முதலில் எடுத்தது பச்சையை. முகம் வட்டம் என்பதால் அதற்கு நிறமே தேவைப்படவில்லை. மூன்றாம் மாதம் நீலம் போனது. அந்த வாரம் சிரமமாக இருந்தது, மறைக்கவில்லை.

சிவப்பு இன்னும் இருக்கிறது. நேற்று இரவு அவனுடைய கதைப்புத்தகத்தில், நிறமே இல்லாத பக்கத்தில், ஐந்து வரிசை படித்துக் கையால் சொன்னேன். ஒரு அம்பில் மட்டும் நின்றேன். அவன் என் விரலை எடுத்து அதன் தண்டின் மேல் வைத்தான். இரட்டைத் தண்டு.