ஹாமில்டனா, மேசனா? நான் கட்சி மாறிய கதை

நண்பர்கள் வட்ட விவாதம் ஒன்றுக்காக அமெரிக்காவின் புதிய அரசியலமைப்பை ஏற்பதா வேண்டாமா என்று 1787-88-ல் நடந்த சண்டையைப் படித்தேன். தரப்பு கேட்டபோது, அதை ஏற்கச் சொன்ன அலெக்சாண்டர் ஹாமில்டன் பக்கம்தான் முதலில் பெயர் கொடுத்தேன். ஒரே வாரத்தில் மாறிவிட்டேன்.

அதுவரை மாநிலங்களைச் சேர்த்து வைத்திருந்த பழைய கூட்டமைப்பு தள்ளாடியது ஊரறிந்த கதை, அதை விடுவோம். பிலடெல்பியாவில் எழுதிய அரசியலமைப்பில் தனிமனித உரிமைப் பட்டியல் ஏன் இல்லை என்பதுதான் வழக்கு. 1776-ல் வர்ஜீனியாவின் உரிமைப் பிரகடனத்தை வரைந்த ஜார்ஜ் மேசன், இந்தக் குறையையே தன் முதல் ஆட்சேபமாகச் சொல்லிக் கையெழுத்துப் போட மறுத்தார்.

ஹாமில்டன் விடவில்லை. பத்திரிகையை அடக்கும் அதிகாரத்தை அரசுக்குக் கொடுக்கவே இல்லையே, அப்புறம் 'அடக்காதே' என்று எதற்கு எழுதுவது? நல்ல வாதம்தான், நானும் மயங்கினேன்.

ஆனால் அதே ஆவணத்தின் முதலாம் உறுப்பு, 9ஆம் பிரிவைப் பாருங்கள். கலகமோ படையெடுப்போ வந்தாலன்றி ஆட்கொணர்வு மனு உரிமையை நிறுத்தக் கூடாது. செய்தபோது குற்றமாக இல்லாததைப் பிறகு குற்றமாக்கித் தண்டிக்கக் கூடாது. குட்டிப் பட்டியல் அங்கேயே இருக்கிறது! பட்டியலே வேண்டாம் என்றால் இவை எதற்கு? நியூயார்க்கில் 'புரூட்டஸ்' என்ற புனைபெயரில் எழுதியவர் இதைத்தான் கேட்டார். போதாக்குறைக்கு அதற்கு முந்தைய பிரிவு, தன் அதிகாரங்களைச் செயல்படுத்த 'தேவையான, உரிய' சட்டங்களை இயற்றக் காங்கிரஸுக்கு, அதாவது அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு, இடம் தருகிறது. எது தேவை என்று பார்ப்பது யார்? முதலில் அதே காங்கிரஸ்தானே. இங்கேதான் நான் மேசன் பக்கம் சாய்ந்தேன்.

அரசியலமைப்பை ஏற்க மாநிலங்களில் நடந்த ஓட்டுகளும் இழுபறிதான். மாசசூசெட்ஸில் 187-168, அதுவும் திருத்தங்களைப் பரிந்துரைத்த பிறகு. வர்ஜீனியாவில் 89-79. கடைசியில் உரிமைப் பட்டியலாக 10 திருத்தங்கள் 1791 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தன. பட்டியல் போட்டால் அதில் எழுதாத உரிமை இல்லாமல் போய்விடுமோ என்ற பயத்துக்கு 9ஆம் திருத்தமே பதில்: பட்டியலில் இல்லை என்பதற்காக எந்த உரிமையும் மறுக்கப்படாது.

எழுதி வைத்தால் காப்பாற்றிவிடுமா என்று கேட்டால், சட்டம் படிக்காத நான் அடித்துச் சொல்ல மாட்டேன். 1798-லேயே அரசைப் பழித்து எழுதுவதைக் குற்றமாக்கிவிட்டார்கள். வெர்மான்ட் காங்கிரஸ் உறுப்பினர் மேத்யூ லயன் அந்தச் சட்டத்தால் 4 மாதம் உள்ளே இருந்தார். சிறையிலிருந்தே தேர்தலிலும் ஜெயித்தார். உரிமைப் பட்டியலெல்லாம் வெறும் காகிதத் தடுப்பு என்று 1788-ல் நண்பர் ஜெஃபர்சனுக்குக் கடிதம் போட்டவர், பின்னாளில் அந்தத் திருத்தங்களைக் காங்கிரஸில் முன்மொழிந்த ஜேம்ஸ் மேடிசன். அவரே அந்த 1798 சட்டத்தை எதிர்த்து வர்ஜீனியாவுக்குத் தீர்மானம் எழுதியபோது, எடுத்துக் காட்டியது பத்திரிகைச் சுதந்திரத்தைக் காக்கும் முதல் திருத்தத்தைத்தான்.