வளைகாப்புக்கும் அறுபதாம் கல்யாணத்துக்கும் கைவேலை வாழ்த்து: குவில்லிங்கா, பாப்-அப்பா, பெட்டியா?

தங்கையின் வளைகாப்புக்கு நான் செய்து கொடுத்த குவில்லிங் வாழ்த்து அட்டையை மூன்று வருடம் கழித்து அவள் வீட்டு பீரோவில் பார்த்தேன். பட்டுச் சேலைகளுக்கு அடியில் வைத்திருந்தாள். நான்கு சாயங்காலம் உட்கார்ந்து சுருட்டிய தாமரை, சேலைகளின் பாரத்தில் நசுங்கிக் கிடந்தது. ஆசையாகப் பத்திரப்படுத்தியதால்தான் அது கெட்டிருக்கிறது. அதிலிருந்து எந்தக் காகித வேலையைத் தொடங்குவதற்கு முன்னும் ஒன்றை யோசித்துக்கொள்கிறேன்: விசேஷம் முடிந்த பிறகு இது எங்கே போய் உட்காரும்? சுவரிலா, பீரோவிலா, பரணிலா?

எங்கள் வீட்டு விசேஷங்களுக்கு நான் மாற்றி மாற்றிச் செய்து பார்த்தவை மூன்று. காகிதப் பட்டைகளைச் சுருட்டி ஒட்டும் குவில்லிங், திறந்தால் எழுந்து நிற்கும் பாப்-அப் அட்டை, மூடியைத் தூக்கினால் நாலாபக்கமும் விரிந்து விழும் எக்ஸ்ப்ளோஷன் பாக்ஸ். செலவில் மூன்றுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. நேரத்திலும் ஆயுளிலும்தான் வித்தியாசம். அதோடு, கைப்பட நாலு வரி எழுத இடம் இருக்கிறதா என்பதும் எனக்கு முக்கியம்.

அழகில் குவில்லிங்கை மற்ற இரண்டும் நெருங்க முடியாது. பழைய காலத்தில் ஐரோப்பாவின் கன்னிமாடங்களில் செய்துவந்த வேலை இது. பறவை இறகின் தண்டில் காகிதத்தைச் சுற்றியதிலிருந்து அந்தப் பெயர் வந்தது என்பார்கள். ஆனால் அதன் அடிப்படை வடிவங்களைப் பார்த்தால் நம் ஊர் வேலை போலவே இருக்கும். சுருளின் ஒரு முனையைக் கிள்ளி லேசாக வளைத்தால் சேலைக் கரையில் வரும் மாங்காய். இரண்டு முனையையும் கிள்ளினால் இலை. தளர விடாமல் இறுக்கிச் சுற்றினால் பொட்டு. வளைகாப்பு அட்டைக்கு வேறு எதுவுமே வேண்டாம். பச்சையும் சிவப்புமாக வளையங்கள் செய்து அடுக்கினாலே பொருத்தமாக இருக்கும்.

பட்டைகள் 3, 5, 10 மில்லிமீட்டர் அகலங்களில் கட்டாகக் கிடைக்கின்றன. முதல்முறை செய்பவர்கள் 5 மில்லிமீட்டரில் தொடங்குவது நல்லது. 3 விரலுக்கு அடங்காது. வீட்டில் வெட்டிக்கொள்ள நினைத்தால் ஒரு ஏ4 கலர் தாளிலிருந்து 5 மில்லிமீட்டர் பட்டைகள் 42 வரும். ஆனால் சாதாரணக் கலர் தாள் மெலிசு, சுருள் விறைப்பாக நிற்காது. பட்டையைச் சுற்றும் குவில்லிங் ஊசிக்குப் பதில் துடைப்பத்து ஈர்க்குச்சியின் நுனியை பிளேடால் கீறிப் பட்டையை அதில் செருகிச் சுற்றலாம். நான் கற்றுக்கொண்டதே அப்படித்தான்.

குறை என்னவென்றால் அது புடைத்து நிற்கும். உறைக்குள் போகாது, தபாலில் அனுப்பினால் நசுங்கும், பீரோவில் என்ன ஆகும் என்று மேலே சொல்லிவிட்டேன். மழைக்காலத்து ஈரத்தில் காகிதம் தளரும். எழுதும் இடத்தையும் பூக்கள் எடுத்துக்கொள்ளும். ஆகவே குவில்லிங் செய்வதென்றால் அதை அட்டையாகச் செய்யாமல், கண்ணாடிக்கும் பின்பலகைக்கும் நடுவே இரண்டு விரல் ஆழம் உள்ள ஃப்ரேமில் போட்டுக் கொடுங்கள். சுவரில் மாட்டினால் பல வருடம் இருக்கும்.

இன்னொரு வழி, ஜிமிக்கி. பல பட்டைகளை ஒன்றோடு ஒன்று ஒட்டி நீளமாக்கி, இறுக்கிச் சுருட்டி, நடுவை விரலால் மெல்லத் தள்ளினால் குடை போல எழும்பும். உட்பக்கம் ஃபெவிகால் பூசிக் காயவைத்தால் கெட்டிப்படும். மேலே வார்னிஷ் அடித்துவிட்டால் லேசான வியர்வைக்குத் தாங்கும். காதுகுத்து, பூப்பு நீராட்டு விழா போன்றவற்றுக்கு வீட்டுப் பெண்பிள்ளைகள் எல்லாருக்கும் பாவாடையின் நிறத்துக்கு ஏற்ற ஜிமிக்கி செய்து கொடுத்துப் பாருங்கள். எந்த அட்டைக்கும் கிடைக்காத வரவேற்பு அதற்குக் கிடைக்கும்.

பாப்-அப் அட்டைக்கு இதற்கு நேர் எதிரான குணம். மூடினால் தட்டை, எந்தச் சேலைக்கு அடியிலும் கிடக்கும். எடுத்துத் திறந்தால் முதல் நாள் நின்றது போலவே எழுந்து நிற்கும். சிவகாசியில் அச்சடித்த பொங்கல் வாழ்த்துகள் இன்றும் பல வீடுகளில் டிரங்குப் பெட்டிக்குள் மடங்காமல் இருப்பதற்குக் காரணம், அவை தட்டையாக இருப்பதுதான். அந்த ஆயுளும் இருக்க வேண்டும், திறக்கும்போது ஓர் ஆச்சரியமும் வேண்டும் என்றால் பாப்-அப்தான்.

ஒரே தாளை வெட்டியும் மடித்தும் கட்டடங்களை எழுப்பும் முறையை ஜப்பானியக் கட்டடக்கலைப் பேராசிரியர் மசாஹிரோ சதானி 1980-களின் தொடக்கத்தில் வளர்த்தெடுத்தார். அவருடைய நுணுக்கம் நமக்கு வேண்டாம். மடிப்பின் மேல் இரண்டு இணையான வெட்டுகள் போட்டு, நடுப்பகுதியை உள்பக்கம் தள்ளினால் ஒரு படி கிடைக்கும். இந்த ஒரு படியை வைத்தே முக்கால்வாசி வேலையை முடிக்கலாம். படியின் முன்பக்கத்தில் தொட்டிலை ஒட்டினால் பெயர் சூட்டு விழா, மணமக்களை ஒட்டினால் கல்யாணம். ஒரே மடிப்பில் அகலம் குறைந்துகொண்டே போகும் படிகளை வெட்டிப் பழகிவிட்டால் நவராத்திரிக்கு வெற்றிலை பாக்கு வாங்க அழைக்கும் அட்டையில் கொலுப் படியையே நிறுத்தலாம்.

இதில் எல்லாரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு, நானும் சறுக்கினேன். அண்ணன் மகனின் முதல் பிறந்தநாளுக்குச் செய்த அட்டையை மூடியபோது ஒட்டகச்சிவிங்கியின் தலை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது, விடிந்தால் விழா. கணக்கு எளிதுதான். படியின் ஆழத்தையும் அதன்மேல் ஒட்டும் உருவத்தின் உயரத்தையும் கூட்டினால் வரும் அளவு, பக்கத்தின் ஆழத்துக்குள் இருக்க வேண்டும். ஏ5 தாளை இரண்டாக மடித்தால் பக்கத்தின் ஆழம் 10.5 சென்டிமீட்டர். படி 3 சென்டிமீட்டர் என்றால் உருவம் 7-ஐத் தாண்டக் கூடாது. இதை முதலிலேயே பென்சிலால் குறித்துக்கொண்டால் ஒட்டகச்சிவிங்கிக்குக் கழுத்து மிஞ்சும்.

தாள் விஷயத்தில் பாப்-அப் கண்டிப்பானது. 200-லிருந்து 240 ஜிஎஸ்எம் வரை உள்ள அட்டை வேண்டும். ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில். 240 ஜிஎஸ்எம் ஏ4 அட்டை ஒன்று 15 கிராம் இருக்கும், சாதாரண ஜெராக்ஸ் தாள் 5 கிராம். கையில் எடுத்தாலே வித்தியாசம் தெரியும். எந்திரத்தில் செய்த தாளில் இழைகள் பெரும்பாலும் ஒரே திசையில் ஓடும். அந்தத் திசையிலேயே மடித்தால் மடிப்பு வழவழப்பாக விழும், குறுக்கே மடித்தால் வெடிக்கும். தாளை இரண்டு பக்கமும் லேசாக வளைத்துப் பார்த்தால் எந்தப் பக்கம் இளகுகிறதோ அதுவே இழையின் திசை. மடிக்கும் கோட்டை ஸ்கேல் வைத்து, எழுதித் தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் அழுத்திக் கீறிவிட்டு மடியுங்கள்.

புதுச்சேரி ஆசிரமத்தின் கைக்காகிதம் மாதிரியான பருத்தித் துணிக்கூழ் காகிதங்கள் தொடவே இதமாக இருக்கும். ஆனால் மடிப்பு கூராக விழாததால் பாப்-அப்புக்கு அவை ஒத்துவராது. மேலட்டைக்கும் உள்ளே எழுதும் கடிதத்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள். சென்னையில் இருப்பவர்கள் ஒருமுறை பாரிமுனை ஆண்டர்சன் தெருவுக்குப் போய்வரலாம். தாள் வகைகளைத் தொட்டுப் பார்த்து, வளைத்துப் பார்த்து வாங்க அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

எக்ஸ்ப்ளோஷன் பாக்ஸில் நிறையப் பேர் கை வைக்க முடியும். மூன்று அடுக்கு வைத்தால் அடுக்குக்கு நான்காகப் பன்னிரண்டு மடல்கள். அத்தை ஒரு மடலில் எழுதலாம், சித்தப்பா ஒன்றில், பேரப்பிள்ளைகள் கிறுக்கிய படம் ஒன்றில். குடும்பமே சேர்ந்து கொடுக்கும் பரிசு என்றால் மற்ற இரண்டும் இதற்கு ஈடாகாது.

பெரும்பாலும் 10 சென்டிமீட்டர் பெட்டி செய்யச் சொல்வார்கள். அதற்கு 30 சென்டிமீட்டர் சதுரம் வேண்டும், ஏ4-இல் அடங்காது. அடுக்குகள் எல்லாவற்றையும் ஒரே சார்ட் அட்டையில் எடுப்பதும் இறுக்கமாகத்தான் வரும். 9 சென்டிமீட்டர் பெட்டியாக வைத்துக்கொண்டால் அடுக்குகளுக்கு 27, 25.5, 24 சென்டிமீட்டர் சதுரங்களும், மூடிக்கு 14.2 சென்டிமீட்டர் சதுரமும் போதும். சுமார் 56-க்கு 71 சென்டிமீட்டர் உள்ள ஒரே சார்ட்டில் எல்லாம் முடிந்து மிச்சமும் இருக்கும். மூடி பெட்டியைவிட 2 மில்லிமீட்டர் பெரிதாக இருக்க வேண்டும். மிகச் சரியாக வெட்டினால் மூடும்போது பிதுங்கும். தளர்வாக வெட்டினால் தூக்கும் முன்பே மடல்கள் திறந்து ஆச்சரியமெல்லாம் போய்விடும்.

படங்களை ஃபெவிகாலால் ஒட்டாதீர்கள். ஒருமுறை கடையில் இங்க்ஜெட்டில் அச்சடித்து வாங்கிய படங்களைப் பசை போட்டு ஒட்டினேன். ஈரம் பட்டு அம்மாவின் சேலை நிறம் முகத்தில் இறங்கிவிட்டது. இருபக்க டேப் போதும். அப்பா-அம்மாவின் கல்யாணப் படம் போன்ற பழைய கறுப்பு வெள்ளைப் படங்களை எக்காரணத்துக்கும் ஒட்டவே கூடாது. நகல் எடுத்து நகலை ஒட்டுங்கள். அசலே வேண்டும் என்றால் பழைய ஆல்பங்களில் இருப்பது போல நான்கு மூலைக்கும் காகித முக்கோணம் மடித்து ஒட்டிப் படத்தை அதில் செருகுங்கள். மைதா பசை மலிவானது, குழந்தைகளுக்கும் பழகியது. ஆனால் அதைத் தேடி இராமபாணப் பூச்சி வரும். பைண்டிங் கடைகளில் அதற்காகவே பசையில் மயில்துத்தம் கலப்பார்கள். அது விஷம், குழந்தைகள் கூட உட்கார்ந்து ஒட்டும் வீட்டில் வேண்டவே வேண்டாம்.

பெட்டியின் குறை ஆயுள். நாலு தடவை திறந்து மூடினால் மடல்கள் துவளும், பிறகு அது பரணுக்குப் போகும். இன்னொன்று, விழா மேடையில் கொடுத்தால் யாரும் நின்று படிக்க மாட்டார்கள். ஹோமப் புகை, மாலைகள், படம் எடுப்பவரின் அவசரம். எல்லாம் முடிந்து, சாப்பிட்டு, நெருங்கிய உறவு மட்டும் கூடத்தில் உட்கார்ந்திருக்கும் சாயங்காலத்தில் கொடுக்க வேண்டிய பொருள் அது. அப்போது ஒவ்வொரு மடலாக வாய்விட்டுப் படிக்கும் அரை மணி நேரத்தில் அந்த வீடே சிரிக்கும், அழும்.

ஆகவே கையில் இரண்டு சாயங்காலம்தான் இருக்கிறது என்றால் பாப்-அப், வெளியூருக்குத் தபாலில் அனுப்பவும் அதுவே. பத்துப் பேர் சேர்ந்து கொடுக்கிறீர்கள் என்றால் பெட்டி. சுவரில் இடம் வைத்திருப்பவருக்கு, அதுவும் உங்களுக்குப் பொறுமை இருந்தால், ஃப்ரேம் போட்ட குவில்லிங்.

ஆனால் எங்கள் அப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்கு இந்த மூன்றையும் விட்டுவிட்டு ஒரு சக்கரம் செய்தேன். பிறந்த தமிழ் ஆண்டின் பெயர் சுழன்று மறுபடி வருவதுதானே சஷ்டியப்தபூர்த்தி. அப்பா 1966 பிப்ரவரியில் பிறந்தவர், விசுவாவசு. சித்திரையில்தான் ஆண்டு மாறும் என்பதால் பராபவ என்று எழுதிவிடாமல் பஞ்சாங்கத்தைப் பார்த்து உறுதி செய்துகொண்டேன். 9 சென்டிமீட்டர் ஆரத்தில் ஒரு வட்டம். பாகைமானி வைத்து 6 பாகைக்கு ஒன்றாக அறுபது கட்டங்கள். விளிம்பில் ஒவ்வொரு கட்டமும் 9 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல் வரும். பொடி எழுத்தில் ஆண்டின் பெயரும் ஒரு நிகழ்ச்சியும் அடங்கும். முதல் சைக்கிள், வேலைக்குச் சேர்ந்தது, கல்யாணம், நாங்கள் பிறந்தது, வீடு கட்டியது. மேலே ஒரு சன்னல் வெட்டிய அட்டை. இரண்டையும் நடுவில் ஒரு சட்டைப் பொத்தானை வைத்து நூலால் தைத்தேன். சுழற்றினால் சன்னலில் ஒவ்வோர் ஆண்டாக வந்து போகும். மூடி வைத்தால் தட்டை.

விவரங்களைப் பெரியப்பாவிடமும் அத்தையிடமும் போனில் கேட்டுத் திரட்டியபோது சில ஆண்டுகள் முன்பின்னாக ஆகிவிட்டன. கிடைத்த மறுநாளே அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து ஒவ்வொரு கட்டமாகத் தள்ளிப் பார்த்தார். மூன்று இடங்களில் என் எழுத்தை அடித்து நீலப் பேனாவால் திருத்தியிருக்கிறார். காலியாக இருந்த சௌமிய ஆண்டில், நாங்கள் யாரும் கேள்விப்பட்டே இராத ஒரு வாத்தியாரின் பெயரை எழுதியிருக்கிறார்.