கருப்பை பாலிப்: எடுப்பதா, பொறுத்துப் பார்ப்பதா?

ஸ்கேனில் பாலிப் என்று வந்ததுமே பலர் புற்றுநோய் என்று பயந்துவிடுகிறார்கள். பெரும்பாலானவை சாதாரணச் சதை வளர்ச்சிதான். மாதவிடாய் நிற்காத பெண்களில் 100-க்கு ஒன்றிரண்டு பேரிடம் புற்றுநோயோ அதற்கு முந்தைய மாற்றமோ இருக்கும். நின்றவர்களில் அது சுமார் 5 வரை போகிறது.

வயது குறைவு, ரத்தப்போக்கு இல்லை, பாலிப்பும் 1 செ.மீ.க்குள் என்றால் தாராளமாகப் பொறுக்கலாம். இப்படிச் சிறியவற்றில் சில ஒரு வருடத்துக்குள் தானாகவே மறைந்துவிடும். செலவில்லை, மயக்க மருந்தில்லை. ஆனால் ஸ்கேன் படத்தை மட்டும் வைத்துப் புற்றுநோய் இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது.

அந்த உறுதி, எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினால்தான் கிடைக்கும். மாதவிடாய் நின்றபின் லேசாக ரத்தம் பட்டாலும் என் ஓட்டு இதற்குத்தான். மார்பகப் புற்றுநோய்க்குத் தமாக்சிஃபென் சாப்பிடுபவர்களும் தள்ளிப்போடக் கூடாது.

சரி, எப்படி எடுப்பது? ஹிஸ்டரோஸ்கோப்பி என்றால் கேமராவில் பார்த்துக் காம்போடு எடுப்பார்கள். பெரும்பாலும் அன்றே வீடு திரும்பலாம். கருப்பையில் துளை விழுவது, தொற்று போன்றவை அரிது. வெறும் டி அண்ட் சி, பார்க்காமல் சுரண்டுவது. பாலிப் அப்படியே தப்பிவிடலாம். எதைச் செய்யப்போகிறார்கள் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.