டேலி உரிமம் யாருடைய மின்னஞ்சலில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள்

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் மொத்த ஜவுளி வியாபாரம் செய்கிறேன். பில் போடவும் கணக்கு வைக்கவும் பயன்படும் கடையின் டேலி மென்பொருளுக்கு மூன்று பேரை வைத்துக்கொண்டு, சென்ற தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் நான் பட்ட பாட்டைச் சக வியாபாரிகள் அறிந்துகொள்ள எழுதுகிறேன்.

2019-இல் உரிமத்தை விற்றவர் ஒருவர். மீட்டர், பீஸ், லாரி ஆபீஸ் விவரங்கள் பில்லில் வரும்படி தனி நிரல் எழுதித் தந்தவர் இன்னொருவர். ஆண்டு விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டியவர்களுக்கு 2023 ஆகஸ்ட் 1 முதல் இ-இன்வாய்ஸ் (பில்லை அரசுத் தளத்தில் பதியும் முறை) கட்டாயமானபோது, உரிமம் விற்றவர் தொலைபேசியையே எடுக்காததால், பராமரிப்புக்கு மூன்றாவதாக ஒருவரைச் சேர்த்தேன். ஒருவர் வராவிட்டால் இன்னொருவர் வருவார் என்பது என் கணக்கு.

அக்டோபர் முதல் வாரத்தில் கடைக் கணினி பழுதானது. மூன்றாமவர் புதிய கணினியில் டேலியை நிறுவியபோது, அதைத் திறப்பதற்கான குறியீடு உரிமத்தில் பதிவான மின்னஞ்சலுக்குத்தான் போகும் என்றார். அது என் மின்னஞ்சல் அல்ல. விற்ற அன்றே முதலாமவர் தம்முடைய முகவரியைக் கொடுத்துப் பதிந்திருந்தார். பணம் கட்டியவன் நான், சாவி அவரிடம்! அவரோ, இரண்டு ஆண்டுப் பராமரிப்புத் தொகை பாக்கி இருப்பதாகவும், அதைக் கட்டினால் குறியீட்டைத் தருவதாகவும் சொன்னார். நான் கேட்காத, அவர் செய்யாத வேலைக்கான பாக்கி அது. உரிமம் செயல்படாத டேலி, கற்றுக்கொள்பவர்களுக்கான கல்வி முறையில் திறக்கும். அதில் மாதத்தின் 1, 2, 31 ஆகிய தேதிகளுக்கு மட்டுமே பதிவு போட முடியும் என்பதை அன்றுதான் கண்ணால் கண்டேன்.

அதனால், செப்டம்பர் மாத விற்பனை விவரங்களுக்கான ஜிஎஸ்டிஆர்-1 அறிக்கையை 11-ஆம் தேதிக்குள் தாக்கல் செய்ய முடியவில்லை. வாங்குபவர்கள் எந்தெந்த பில்லுக்கு வரியைக் கழித்துக்கொள்ளலாம் என்று காட்டும் 2பி அறிக்கை 14-ஆம் தேதி உருவானபோது அதில் எங்கள் பில்கள் இல்லை. உள்ளீட்டு வரிக் கழிவு கிடைக்காத கடைக்காரர்கள் வரித் தொகையைப் பிடித்துக்கொண்டுதான் பணம் அனுப்பினார்கள். அவர்களைக் குறை சொல்ல வழியில்லை.

கடையின் பெயரில் இருந்த கொள்முதல் பில், ஜிஎஸ்டி பதிவுச் சான்று, கடைத் தாளில் எழுதிய கடிதம் ஆகியவற்றை மென்பொருள் நிறுவனத்துக்கே நேரடியாக அனுப்பிய பிறகு மின்னஞ்சல் மாற்றப்பட்டது. அந்தப் பில்லை என் மனைவி பழைய கோப்பில் வைத்திராவிட்டால் என்ன ஆகியிருக்குமோ தெரியாது.

ஆனால் புதிய கணினியில் மூன்றாமவர் ஏற்றியது புதிய பதிப்பு; பழைய பில் நிரல் அதில் ஓடவில்லை. என்னிடம் இருந்தது தொகுக்கப்பட்ட டிசிபி கோப்பு மட்டுமே, அதைத் திறந்து திருத்த இயலாது. திருத்தக்கூடிய மூல நிரல் தம்முடைய சொத்து என்று சொல்லி, அதை எழுதியவர் முழுத் தொகையை மறுபடியும் கேட்டார். பதிப்பை மாற்றியவரைக் கேட்டால் நிரலில்தான் குறை என்றார்.

ஆள் மாற்ற நினைப்பவர்கள், பழையவருடன் முகம் கோணுவதற்கு முன்பே, உரிமத்தின் நிர்வாகி மின்னஞ்சலைத் தங்கள் பெயருக்கு மாற்றி, அதன் கடவுச்சொல்லையும் தாங்களே வைத்துக்கொள்ளுங்கள். தனி நிரல் எழுதச் சொன்னால் மூல நிரலையும் ஒப்படைக்க வேண்டும் என்று பணம் தருவதற்கு முன் எழுதி வாங்குங்கள். பராமரிப்பு ஒப்பந்தத்தில் எவையெல்லாம் சேராது என்பதையும் கேட்டுப் பாருங்கள். என்னுடையதில் கணினி மாற்றம் சேராது என்று, எல்லாம் முடிந்த பிறகு வந்த தனி பில்லில்தான் தெரிந்துகொண்டேன்.